இரைச்சல் என்று எதைச் சொல்கிறோம்? – 2022இல் கேட்ட சில இசைத்தொகுப்புகள்

இந்த ஆண்டு நான் கேட்ட இசையில் பாதிக்கு மேல் ஜொகூர்க் கடற்பாலத்தில் கேட்டது. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளம், அவ்வளவுதான். நடந்தால் பதினைந்து, இருபது நிமிடம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் பேருந்து வரிசை, குடிநுழைவு வரிசை, மறுபடியும் பேருந்து வரிசை என்று இரண்டு மணி நேரம் போய்விடும். 2020 மார்ச் 18 அன்று மூடப்பட்ட பாலம் இவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் தேதிதான் எல்லாருக்கும் பழையபடி திறந்தது. இரண்டு ஆண்டுகள் அதை உட்லண்ட்ஸ் கரையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். திறந்த புதிதில் வரிசையில் நிற்பதற்கு யாரும் முணுமுணுக்கவில்லை. இரண்டு வாரம். அப்புறம் வழக்கம்போல.

“வருசக் கடைசியில எல்லாரும் பத்துப் புத்தகம், பத்து சினிமான்னு போடுறாங்க. நீ காதுல மாட்டிக்கிட்டு கேப்பியே அந்த மிஷின் சத்தம், அதைப் பத்தி எழுதேன்” என்றார் நண்பர். எழுதுகிறேன், ஆனால் பத்து வராது என்றேன். வரவில்லை. ஐந்தைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது. அதிலும் ஒன்று எனக்குப் பிடிக்காமல் போனது.

அண்டர்கிரவுண்ட் என்பதற்குத் தமிழில் என்ன போடுவது என்று யோசித்துத் தோற்றுவிட்டேன். ‘நிலத்தடி’ என்றால் தண்ணீர் ஞாபகம் வருகிறது. ‘தலைமறைவு’ என்றால் போலீஸ் ஞாபகம் வருகிறது. வானொலியில் வராத, பெரிய கம்பெனிகள் தொடாத, சில நூறு அல்லது சில ஆயிரம் பேர் தேடிப் போய்க் காசு கொடுத்து வாங்குகிற இசை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் இணைய இதழ்களின் நிலைமைதான். இசை பற்றித் தமிழில் நிறைய எழுதுகிறோம். ஆனால் இளையராஜா, ரஹ்மான், அதைத் தாண்டினால் கர்நாடக சங்கீதம், நாட்டார் பாடல் ஆய்வு என்று நான்கு சுவருக்குள் முடிந்துவிடுகிறது. பாட்டாக இல்லாத இசை, ராகமாக இல்லாத இசை என்று ஒன்று உண்டு. அதையும் ஒரு நாவலைப் படிப்பதுபோல் உட்கார்ந்து கேட்டு, இது நன்றாக இருக்கிறது, இது பம்மாத்து என்று பிரித்துச் சொல்லமுடியும். இதைச் சொன்னாலே நம்மில் பலர் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

சிரித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் பட்டியல் ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்காது.

எனக்குப் பதினேழு வயது, எஸ்.பி.எம். எழுதும் ஆண்டு. பாட்டி இறந்துபோனார். அப்பாவும் சித்தப்பாவும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு மாசாயில் ஒரு தாமானுக்குக் குடிவந்தவர்கள். சித்தப்பா ஓர் உறுமி மேளக் குழுவில் இருந்தார். அன்றைக்குக் காலையிலிருந்து வீட்டு வாசலில் மேளம். எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் சன்னலைச் சாத்தியது. என் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. “இது என்னப்பா, இசையா? வெறும் இரைச்சல். நிப்பாட்டச் சொல்லுங்க” என்றேன். அப்பா அடிக்கவில்லை. “நான் போறப்பவும் இது இருக்கணும்டா. சும்மா தூக்கிட்டுப் போயிடாதீங்க” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் உறுமியைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

அப்பா 2021 ஆகஸ்டில் இறந்தார். கோவிட் இல்லை, இதயம். நான் சிங்கப்பூரில். அனுமதிக்கு விண்ணப்பித்துப் போனாலும் தனிமைப்படுத்தல் முடிந்து வெளியே வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். கைபேசியில் வீடியோ அழைப்பில் நாற்பது நிமிடம் பார்த்தேன். கட்டுப்பாட்டு ஆணையால் சில பேருக்கு மேல் கூடக்கூடாது. மேளக்குழுவெல்லாம் கிடையாது. ஆனால் சித்தப்பா உள்ளே போய் உறுமியை எடுத்துவந்து, வாசலில் நின்று, தனியாக, மெதுவாக வாசித்தார். ஐந்து நிமிடம் இருக்கும். அவர் கை அசைவது தெரிந்தது. சத்தம் வரவில்லை. முதல் அடி ஒன்று கேட்கும், உடனே அமுங்கிவிடும். மறுபடி ஒன்று, மறுபடி அமுங்கும். அம்மாவும் அத்தைகளும் அழுவது மட்டும் பக்கத்தில் இருப்பதுபோல் தெளிவாகக் கேட்டது. என் வேலையிடத்தில் இருக்கும் ஓர் இளம் பொறியாளர் பிற்பாடு விளக்கினார். இந்த மாதிரி அழைப்புகளில் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அமுக்குகிற மென்பொருள் இருக்கிறதாம். விசிறி ஓடும் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம், மேளம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். உறுமி இரைச்சல் என்று அது முடிவு செய்திருந்தது. பதினேழு வயதில் நான் எடுத்த அதே முடிவு.

இனி இசைத்தொகுப்புகளுக்கு வருகிறேன்.

சிங்கப்பூரின் வோர்ம்ராட் குழு ஜூலையில் வெளியிட்ட ‘ஹிஸ்’தான் இந்த ஆண்டு நான் அதிகத் தடவை கேட்டது. 21 பாடல்கள், மொத்தம் ஏறக்குறைய 33 நிமிடம். இவர்கள் வாசிப்பது கிரைண்ட்கோர். பங்க்கும் மெட்டலும் மோதி நொறுங்கினால் வருகிற வகை. பாடல்கள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்த வகையின் முன்னோடிகளான நாபாம் டெத் குழு 1987இல் ஒரு விநாடிக்குக் கொஞ்சம் அதிகமான நீளத்தில் ஒரு பாடலையே வெளியிட்டிருக்கிறது. கேலியில்லை, அதுவும் ஒரு வாதம்: ஒரு பாட்டுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று யார் முடிவு செய்தது?

2007இல் தொடங்கிய வோர்ம்ராட்டில் பாஸ் கிட்டார் கிடையாது. ஒரு கிட்டார், டிரம்ஸ், குரல். இந்த மூன்றை வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் இயரேக் லேபிள்வரை போனார்கள். 2017இல் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்த முதல் சிங்கப்பூர்க் குழு இவர்கள்தான். அதைச் சாதனையாகச் சொல்லிப் பாராட்டியாகிவிட்டது. எனக்கு முக்கியம் வேறு. சத்தத்தை இவ்வளவு கணக்குப் பார்க்கிற ஊரிலிருந்து இப்படி ஒரு குரல் வந்திருக்கிறது. தைப்பூசப் பாதயாத்திரையில் வாத்தியம் வாசிப்பதை 1973இலிருந்து தடைசெய்து வைத்திருந்த ஊர் இது. 2016இல்தான் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அடுக்குமாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும் ஊர். ‘ஹிஸ்’ஸைக் கேட்கும்போது, கத்துவதற்கு இடமில்லாமல் பல வருடம் அடக்கிவைத்தவன் லிஃப்ட்டுக்குள் நின்று கத்துவதுபோல் இருக்கிறது. கதவு திறப்பதற்குள் முடித்தாக வேண்டும். அதனால்தான் அந்த வேகம்.

இந்தத் தொகுப்பில் புதிதாக ஒரு வயலின் வருகிறது. மைரா சூ வாசித்திருக்கிறார். இந்த மாதிரி இசையில் வயலினைச் சேர்த்தால் பெரும்பாலும் சோகத்துக்குச் சர்க்கரை தூவியதுபோல் ஆகிவிடும். இங்கே அப்படி ஆகவில்லை. ‘கிரீவ்’ பாடலில் அது வில்லால் சுரண்டுகிறது, கீறுகிறது. கடைசிப் பாடலான ‘கிளாஸ் ஷார்ட்ஸ்’ஸில் டிரம்ஸோடு போட்டிபோட்டு ஓடி, பாடலை ஓர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. இருபது பாடல்களும் உங்கள் மேல் கல்லெறிந்த பிறகு வரும் அந்த நான்கு நிமிடத்தை நான் பெரும்பாலும் பாலத்தின் நடுவில், தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். குறையும் இருக்கிறது. நடுப்பகுதியில் மூன்று நான்கு பாடல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்ல இன்னும் என்னால் முடியவில்லை. பாடகர் ஆரிஃபும் டிரம்ஸ் வாசித்த விஜேஷும் இந்தத் தொகுப்பு வெளிவந்த காலத்தையொட்டியே குழுவைவிட்டு விலகிவிட்டார்கள். இவர்கள் மூவரும் சேர்ந்து இன்னொன்று செய்வார்களா தெரியாது.

(சிங்கப்பூர் மெட்டல் என்று பேச்செடுத்தால் ருத்ராவைச் சொல்லாமல் போகக்கூடாது. 1992இல் தொடங்கிய குழு; நம் பையன்கள். சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தத்தையும் டெத் மெட்டலில் போட்டு, அதற்கு ‘வேதிக் மெட்டல்’ என்று ஒரு பெயரையும் வாங்கிக்கொண்டவர்கள். எனக்கு அவர்களின் 2005ஆம் ஆண்டுத் தொகுப்பு ‘பிரம்மவித்யா: பிரைமோர்டியல் I’ பிடிக்கும். அவர்களைப் பற்றித் தமிழில் ஒரு முழுக் கட்டுரையாவது யாராவது எழுதவேண்டும். நான் தகுதியானவன் அல்ல, வேதாந்தம் தெரியாது.)

இரண்டாவது, தான்யா டகாக்கின் ‘டங்ஸ்’. ஜனவரியில் வந்தது. கனடாவின் வடகோடியில், நுனாவுட் பகுதியில் கேம்பிரிட்ஜ் பே என்ற ஊரில் பிறந்த இனுக் பெண். இனுயிட் மக்களிடம் தொண்டைப் பாடல் என்று ஒன்று உண்டு. இரண்டு பெண்கள் எதிரெதிரே நெருக்கமாக நின்று, மூச்சை இழுத்தும் விட்டும், உறுமியும் முனகியும் ஒருவர் ஒலியை மற்றவர் தொடர்வார்கள். விளையாட்டுதான், முதலில் சிரித்தவரோ மூச்சுத் திணறியவரோ தோற்றார். டகாக் ஓவியம் படிக்க ஹாலிஃபாக்ஸ் போன இடத்தில் இதைத் தனியாகச் செய்யப் பழகியவர். எதிரே நிற்க ஆள் இல்லை. இரண்டு பேர் பாட்டை ஒருத்தி பாடவேண்டியிருந்தது. அந்த இல்லாத இரண்டாம் ஆளின் இடம் அவருடைய எல்லாத் தொகுப்பிலும் காலியாகவே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

‘டங்ஸ்’ஸில் அவர் முதல் தடவையாகப் பேச்சை நடுவில் வைக்கிறார். 2018இல் வந்த தன் ‘ஸ்பிலிட் டூத்’ நாவலிலிருந்து எடுத்த வரிகளைச் சொல்கிறார். பின்னணியில் கனமான எலக்ட்ரானிக் ஒலிகள். தயாரிப்பு, கவிஞர் சால் வில்லியம்ஸ். நாக்கு என்றும் மொழி என்றும் இரண்டு பொருள்படும் தலைப்பு. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழியைப் பேசினால் தண்டித்த கனடாவின் ஏற்பாடு 1990கள்வரை நீடித்தது. அதைப் பற்றிய தொகுப்பு இது. ‘டீத் அகேப்’ பாடலில் பிள்ளையைத் தூக்கிப்போக வருகிறவர்களிடம் ஒரு தாய் பல்லைக் காட்டுகிறாள். பாடுகிறாள் என்று சொல்லமுடியாது. நாய் குட்டியைக் காப்பதுபோல் ஓர் ஒலி. சொல் முடிகிற இடத்தில் அந்த உறுமல் தொடங்குகிறது.

நமக்கு மொழி இழப்பு என்றால் உடனே மேடை, மாநாடு, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பதாகை. தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை, மாணவர் எண்ணிக்கை. நான் அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை, தேவைதான். ஆனால் மொழி போகும்போது உடம்பில் என்ன நடக்கும், வாயில் என்ன மிஞ்சும் என்று நம் மேடைகளில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. டகாக் கேட்கிறார். கேட்டுவிட்டு, பதிலைச் சொல்லாகச் சொல்லாமல் தொண்டையில் வைத்திருக்கிறார்.

எனக்கு அந்தத் தொண்டையைக் கேட்டதும் உறுமி ஞாபகம் வந்தது. உறுமுவதால்தான் அதற்கு அந்தப் பெயர். இரண்டு முகம், ஒரு முகத்தில் அடி, இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது தோல் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். அந்தப் பிடிப்பிலும் விடுப்பிலும்தான் உறுமல் வருகிறது. வயலின் வில் கம்பியைப் பிடித்து விடுவதும் அதே வேலைதான். வயலினுக்கு அகாடமி இருக்கிறது, உறுமிக்கு இழவு வீடு இருக்கிறது. இரண்டில் எது இசை, எது இரைச்சல் என்று தீர்மானித்தது காது இல்லை.

தொகுப்பின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ‘காலனைசர்’ பாடல் நேராக விரல் நீட்டிக் குற்றம் சொல்வது. கோபம் நியாயமானது, ஆனால் இரண்டு வடிவத்தில் இரண்டு தடவை வைக்கும்போது எனக்குக் கோஷமாகக் கேட்கிறது. கோஷம் நம் ஊரிலேயே போதுமான அளவு இருக்கிறது.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல, என் தொழிலைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் ஒரு தொழிற்சாலையில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பராமரிக்கிறவன். நாள் முழுக்க ரீங்காரம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மோட்டார் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடினால் ‘வ்வோம்... வ்வோம்...’ என்று ஓர் அலை எழும். ஒன்று விநாடிக்கு 100 அதிர்வு, மற்றொன்று 101 என்றால் விநாடிக்கு ஒரு தடவை சத்தம் ஏறி இறங்கும். அந்த அலையை வைத்தே எது கெட்டுப்போகப் போகிறது என்று பழகின காது சொல்லிவிடும். தம்பூரா சுருதி சேர்க்கிறவர் செய்வதும் இதைத்தான். அலை மெதுவாகி, நின்று, இரண்டு கம்பி ஒன்றாகும்வரை முடுக்குவார்.

காளி மலோன் – அம்மா என் கைபேசியில் பெயரைப் பார்த்துவிட்டு “காளியாடா? அம்மன் பாட்டா?” என்று ஆசையாகக் கேட்டார் – ஸ்டாக்ஹோமில் வாழும் அமெரிக்கப் பெண். 2019இல் தேவாலய ஆர்கன் வாசிப்புக்காகப் பெயர் வாங்கியவர். இந்த ஆண்டு வந்த ‘லிவிங் டார்ச்’ 33 நிமிடம், இரண்டு பகுதி. பாரிஸின் ஜி.ஆர்.எம். இசைக்கூடத்துக்காகச் செய்தது. அரங்கம் முழுக்க ஒலிபெருக்கிகளைப் பரப்பிவைத்து ஒலியை நகர்த்தும் ‘அகூஸ்மோனியம்’ என்ற அமைப்பு அவர்களிடம் இருக்கிறது. டிராம்போன், பாஸ் கிளாரினெட், அதோடு முதிய இசைக்கலைஞர் எலியான் ரதிக் பல ஆண்டுகள் பயன்படுத்திய ஆர்ப் 2500 சிந்தசைசர். நம் காதுக்கு இது அந்நியமே இல்லை. பியானோவின் சமப்படுத்திய சுருதியை விட்டுவிட்டு 3க்கு 2, 4க்கு 3 என்ற இயல்பான விகிதத்தில் கட்டிய இசை. ஷட்ஜமும் பஞ்சமமும் உட்காருவதுபோல் உட்காருகிறது.

முதல் பகுதி மெல்ல, பெரிய மூச்சுகளாக நகர்கிறது. இரண்டாம் பகுதியில் ஒலி பழுத்து, கரடுமுரடாகி, கடைசியில் சூளை எரிவதுபோல் கிர்ரென்று நிற்கிறது. ஒன்றுமே நடக்கவில்லையே என்று கேட்பீர்கள். மரண வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் நேரம் வேறு மாதிரி கனக்கும். அப்பா இறந்து பதினோரு மாதம் கழித்து, இந்தத் தொகுப்பு வெளியான வாரத்தில், இயந்திர அறையில் மாலைநேர வேலையில் இருந்தபோது முதல் தடவை கேட்டேன். வலது காதில் மலோன், இடது காதில் சில்லர். இரண்டுக்கும் நடுவில் ஓர் அலை எழுந்தது. அதைப் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் அழுதேன், இறுதிச்சடங்கு அன்று அழவில்லை. இதை விமர்சனமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தெரியும். விமர்சனமாக ஒன்று சொல்லவேண்டுமென்றால்: 33 நிமிடம் சரியான அளவு. நீண்ட ரீங்கார இசை செய்கிறவர்களில் பலருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. மலோனுக்குத் தெரிகிறது.

லுக்ரேசியா டால்ட்டின் ‘அய்!’ அக்டோபரில் வந்தது. இந்தப் பட்டியலில் அம்மாவுக்குப் பிடித்த ஒரே தொகுப்பு. டால்ட் கொலம்பியாவின் பெரேய்ரா நகரத்துக்காரர். இசைக்கு வருமுன் நிலத்தொழில்நுட்பப் பொறியாளராக வேலை பார்த்தவர். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிறவர். முந்தைய தொகுப்புகள் எல்லாம் இருட்டான, வறண்ட எலக்ட்ரானிக் பரிசோதனைகள். இதில் சின்ன வயதில் வீட்டில் கேட்ட பொலேரோ, மாம்போ, சல்சா பக்கம் திரும்பியிருக்கிறார். ஆனால் ஊர் நினைவாகத் திரும்பவில்லை. பிரேதா என்ற வேற்றுலக உயிர் பூமிக்கு வந்து, உடம்பு, காலம், காதல் என்பதையெல்லாம் முதல் தடவையாகத் தொட்டுப் பார்க்கிற கதை. (பெயரைப் பார்த்ததும் நமக்கு வருகிற நினைப்பைத் தள்ளிவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.) அதனால் பொலேரோவும் பூமிக்குப் புதிதாக வந்தவள் வாசிப்பதுபோல் மெதுவாக, ஒவ்வொரு தட்டையும் தடவிப் பார்த்து நகர்கிறது. அலெக்ஸ் லசாரோவின் தாளவாத்தியங்களுக்கு நடுவில் எவ்வளவு வெற்றிடம் என்று கவனியுங்கள்.

அம்மா சமையலறையிலிருந்து “இது பி.ரம்லி பாட்டா?” என்றார். சிரித்துவிட்டு, பிறகு யோசித்தேன். தப்பில்லை. 1950களின் மலாய்ப் பாடல்களில் பொலேரோவும் ரும்பாவும் சா-சாவும் நிறைந்து கிடந்தன. சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படநிலையத்தில் எடுத்த படங்களைத் தோட்டத்தில் திரை கட்டிப் பார்த்து வளர்ந்தவர் அம்மா. கொலம்பியப் பெண்ணின் பாட்டி வீட்டு வானொலியும் என் பாட்டி வீட்டு வானொலியும் ஏதோ ஓர் அலைவரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. டால்ட்டின் வேற்றுலகவாசிக்கு ஸ்பானிஷ் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் வெங்காயம் நறுக்கும் கை தாளத்தைப் பிடித்துக்கொண்டது.

ஏமாற்றம் தந்தது சாரதி கோர்வாரின் ‘கலக்’. நவம்பரில் வந்தது. எதிர்பார்த்துக் காத்திருந்து வாங்கினேன். அகமதாபாத்திலும் சென்னையிலும் வளர்ந்து லண்டனில் வாழும் தாளக்கலைஞர். குஜராத்தில் வாழும், ஆப்பிரிக்க வேர் கொண்ட சித்தி மக்களின் பாடல்களைப் பதிவு செய்து, அவற்றின் மேல் ஜாஸ் வாசித்த ‘டே டு டே’ (2016) என்ற தொகுப்பை இன்றும் கேட்கிறேன். ‘கலக்’ ஒரு கருத்திலிருந்து பிறந்தது. இந்தியில் ‘கல்’ என்றால் நேற்றும்தான், நாளையும்தான். காலம் நேர்கோடு இல்லை, வட்டம்; எனவே தாளமும் வட்டம். கேட்க அழகான யோசனை. ஆனால் ஒவ்வொரு பாடல் தலைப்பும் ஒரு கருத்தரங்கக் கட்டுரைத் தலைப்பாக இருக்கிறது. கற்பனாலோகம் என்பது காலனியத் திட்டம், கடிகாரம் நேரத்தைச் சொல்வதில்லை உருவாக்குகிறது, கோட்டைவிட வட்டம் மேல் என்று தலைப்பு சொல்லிவிடுகிறது; இசை அதன் பின்னால் பணிவாக, பளபளப்பாக, மெதுமெதுவென்று வருகிறது. 1905இல் ‘சுல்தானாவின் கனவு’ எழுதிய பேகம் ரொக்கையாவை நினைவுகூரும் பாடல்கூட, அவர் எழுத்தில் இருக்கும் குறும்பு இல்லாமல், மரியாதையாகக் கடந்துபோகிறது. தோலை அடிக்கிற சத்தம் எங்கேயும் காதில் குத்தவில்லை. அடிக்கிறவருக்குக் கை வலிக்கவேண்டாமா? ஒருவேளை நான் இந்த ஆண்டு தோலின் சத்தத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்ததால் இப்படித் தோன்றுகிறதோ என்னவோ. சென்னையில் இருக்கும் நண்பருக்கு இதுதான் ஆண்டின் சிறந்த தொகுப்பு. சண்டை இன்னும் முடியவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். பில் ஆர்க்கட்டின் ‘மியூசிக் ஃபார் ஃபோர் கிட்டார்ஸ்’: நாலு கிட்டாரையும் அவரே வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 14 சின்னத் துண்டுகள், மொத்தம் அரைமணி நேரம். துருப்பிடித்த கம்பியில் கோலம். காலை வேலைக்குப் போகும்போது கேட்க நல்லது. சிங்கப்பூரின் ஒப்சர்வேட்டரி குழு, அபிசாட்போங் படங்களின் ஒலியில் பணியாற்றிய கோய்ச்சி ஷிமிசுவோடு சேர்ந்து செய்த ‘டீமன் ஸ்டேட்’: நன்றாக இருக்கிறது, ஆனால் அவர்களின் 2015ஆம் ஆண்டு ‘கன்டினியூம்’ போட்ட சூடு இன்னும் ஆறாததால் என்னால் நியாயமாகச் சொல்லமுடியவில்லை. பில்லி வுட்ஸின் ‘ஏதியோப்ஸ்’: ஹிப்ஹாப் என்றால் நம் பையன்கள் நினைப்பது வேறு, இதை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் காசு கொடுத்துத்தான் வாங்கினேன் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஒரு டாலருக்கு நாலு வெள்ளி எழுபது காசு என்று நவம்பரில் ரிங்கிட் விழுந்தபோது, மலேசியாவில் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு ஒரு தொகுப்பின் விலை நான்கைந்து வேளைச் சாப்பாடு. நான் சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்குகிறவன், அதனால் முடிந்தது. இந்த இசையைக் கேட்பதற்கு ரசனை மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன், மூன்று வருடத்துக்கு அப்புறம். சித்தப்பா குழு மறுபடி கூடியிருக்கிறது. தாமான் பூப்பந்துத் திடலில் ஏழெட்டுப் பையன்கள், எல்லாரும் இருபதைத் தொடாதவர்கள். தைப்பூசத்துக்கு இப்போதிருந்தே பயிற்சி. கைபேசியில் பதிவு செய்யட்டுமா என்று கேட்டேன்.

“எதுக்குடா? ஒனக்குத்தான் இது பிடிக்காதே.”

“இல்ல சித்தப்பா. கேக்கணும்.”

மேற்கொண்டு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருபத்திரண்டு நிமிடம் பதிவு செய்தேன். கைபேசி ஒலிவாங்கி தாங்காமல் எல்லாம் உடைந்து கரகரவென்று வந்திருக்கிறது. இந்தப் பட்டியலில் அதைச் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வெளியீடு இல்லை, தலைப்பு இல்லை, வாங்க வழியில்லை. சேர்த்தால் அது சித்தப்பாவுக்காகவா, எனக்காகவா என்றும் தெரியவில்லை. சேர்க்கவில்லை.

பயிற்சி முடிந்து பையன்கள் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, திடல் ஓரத்தில் உட்கார்ந்து சித்தப்பாவின் காதில் என் ஹெட்போனை மாட்டிவிட்டேன். வோர்ம்ராட். ‘ஹிஸ்’ஸின் முதல் ஐந்து பாடல். முகத்தைச் சுளிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுளித்தார். பிறகு இரண்டு விரலால் முழங்காலில் தட்டிப் பார்த்தார், பிடிக்க முடியவில்லை, மறுபடி தட்டினார். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“கத்துறவன் எதுக்குக் கத்துறான்னு தெரியல. ஆனா அடிக்கிறவன் கை நல்ல கை. கொஞ்சம் மூச்சு வாங்க விடச் சொல்லு அவனை.”

அந்தப் பையன் இப்போது குழுவில் இல்லை என்று நான் சொல்லவில்லை.